தங்கை மகனுக்குப் போட்ட கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்போம். உங்களுக்கு பிரேம் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கிறது.

என் மகனுக்கு நானேதான் கண்ணாடி போட்டேன். கரும்பலகை தெரியவில்லை என்றான், போட்டேன். படியில் தடுக்கி விழுந்தான், பவரை மாற்றினேன். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். ஏதோ ஒரு கொழுப்பு உடம்பில் கரையாமல் தேங்கி நரம்பின் மேலுறையை அரிக்கிறது, தாய் வழியாக மகனுக்கு இறங்குகிற நோய், இவனுக்கு முற்றிவிட்டது என்றீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். "உங்க தங்கச்சி பையனுக்கு உடனே பரிசோதனை பண்ணச் சொல்லுங்க. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி பிடிச்சா, எலும்பு மஜ்ஜை மாத்திக் காப்பாத்திடலாம்."

அடுத்த முறை கேட்டீர்கள். பார்த்தாயிற்று, அவனுக்கு ஒன்றுமில்லை என்றேன்.

தங்கையிடம் சொல்லத்தான் இருந்தேன். அன்று தங்கை என் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் விழுங்க மறந்து வாயிலேயே வைத்திருந்தான். அவள் மகன் வாலில்லாத குரங்கு. கட்டிலுக்கும் நாற்காலிக்குமாகத் தாவிக்கொண்டிருந்தான். "உன்னால தாங்க முடியுதுக்கா. நானா இருந்தா எப்பவோ செத்துப் போயிருப்பேன்" என்றாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிறகு அவள் வருவது குறைந்தது. வந்தாலும் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவாள். குறை சொல்லவில்லை. நோய் கிடக்கிற வீட்டில் யாருக்கு இருப்புக்கொள்ளும்?

பள்ளி திறந்த பிறகு ஒருநாள் அவனைக் கடைக்கே அழைத்து வந்தாள். "இவன் எழுத்து கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சுக்கா. புத்தகத்தை மூக்குல ஒட்டிக்கிறான். நல்ல கண்ணாடியாப் போட்டுக் குடேன்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் என்னைப் பார்த்தான். என் மகனும் அப்படித்தான் பார்ப்பான். அப்போதாவது உங்களிடம் அனுப்பியிருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் நீல பிரேம் ஒன்றை எடுத்தேன். கம்பியை லேசாகச் சூடுகாட்டி, காதுக்குப் பின்னால் உறுத்தாதபடி வளைத்தேன். "நல்லா தெரியுது பெரியம்மா" என்றான், என் மனம் நோகக்கூடாதென்று. போடப் போடச் சரியாகிவிடும் என்று தங்கையிடம் சொன்னேன்.

இன்று அவனுக்கு வலிப்பு வந்து இங்கே தூக்கி வந்தாள். அந்தப் பரிசோதனையைப் பற்றி அவளிடம் கேட்காமல் என்னைத் தனியே அழைத்துக் கேட்கிறீர்களே, உங்களுக்கு நல்ல மனசு. தள்ளிப்போட்டேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தள்ளிப்போடவில்லை, டாக்டர். காத்திருந்தேன்.

வெளியே பெஞ்சில் என் தோளில் சாய்ந்துதான் இவ்வளவு நேரம் அழுதாள். அவள் அப்படிச் சாய்ந்து எத்தனை காலமாயிற்று. சொல்வதானால் பக்குவமாகச் சொல்லுங்கள், நானும் பக்கத்தில் இருக்கிறேன். இந்த நேரத்தில் அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.