அடுப்பில் ஏற்றாதது

வெள்ளரிக்காயைத் தோலோடு சாப்பிடுவதுதான் நல்லது என்கிறார்கள். எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஏப்பமாக வந்து உயிரை வாங்கும். என் தம்பிக்கு ஒன்றும் செய்யாது. சின்ன வயதிலிருந்தே கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவனுக்கு. அதனால்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

நீங்கள் அந்த வகுப்பு டீச்சரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சமைக்காததைச் சாப்பிடச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் போகவிடாமல் தடுத்து, ஒரு நல்ல மனிதனைப் படுக்கையில் தள்ளிவிட்டாள் என்று அவனோடு வேலை பார்க்கிறவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி தலை உருளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வராது. உட்காருங்கள். அவன் உள்ளே தூங்குகிறான். கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் அம்மா போனபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். எனக்கு வந்த வரன்களை அவனுக்காகத் தட்டிக்கழித்தேன். பிறகு அவனுக்கு வந்த வரன்களையும் அவனுக்காகத்தான் தட்டிக்கழித்தேன். தலை நரைக்கும்வரை ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்கு ஆக்கிப் போட்டேன். வீட்டுக்கு வந்தால் இவனுக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, இன்னிக்கு என்ன?" என்பான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் என் பொழுது.

போன வருஷம் டாக்டர், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, வயிற்றைக் குறை என்று சொல்லிவிட்டார். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் இவனை ஏதோ இயற்கை உணவு வகுப்புக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தவன் ஒரு பை நிறையக் காயைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான்.

"அக்கா, இனிமே எனக்கு அடுப்புல ஏத்தாததுதான்."

"ஆடு மாடு மாதிரியா?"

"ஆடு மாட்டுக்குச் சர்க்கரை வருதா?"

நானும் சிரித்துவிட்டேன். ரெண்டு நாள் கூத்து என்றுதான் நினைத்தேன்.

முதலில் அவன் பட்ட பாட்டை நான் மறைக்கப் போவதில்லை. காபியை நிறுத்தியதும் தலைவலி மண்டையைப் பிளந்தது. வயிறு மத்தளம் போல ஊதிக்கொண்டது. வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கை ஜில்லிடுகிறது என்றான். சட்டைப் பொத்தான் அறுந்ததற்கு என்னிடம் கத்தினான், கத்திவிட்டு அழுதான். ஒருநாள் நான் எனக்காக வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "வாசனை மட்டும் பிடிச்சுக்கறேன்க்கா" என்றான். அன்று எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடுவான் என்று கூடுதலாக ஒரு வெங்காயம் நறுக்கிப் போட்டேன்.

அவன் வரவில்லை. தலைவலி போயிற்று. வயிறு அடங்கிற்று. லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் மாடிப்படியைத் தாவி ஏறுகிறான் என்று ஆட்கள் சொன்னார்கள். குளிக்கும்போது பாடினான். புதுச் சட்டை வாங்கினான். போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தான். இதெல்லாம் வெறும் கேரட்டால் வருவதா? நானும் உலகம் பார்த்தவள்தான். ஒருநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னான்:

"இத்தனை வருஷம் எனக்காக அடுப்படியில வெந்தது போதும்க்கா. இனிமே உனக்கு ரெஸ்ட்."

பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னான். அவன் மேல் தப்பில்லை, வெகுளி.

அடுத்த வாரம் டீச்சரை வீட்டுக்கு அழைத்து வந்தான். நல்ல நிறம், நாலு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு. கேட்காமலே என் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "பச்சைக் கோழியை மேல் தட்டுல வைக்காதீங்கம்மா, கீழ இருக்கற காயில சொட்டும்" என்று எடுத்துக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தவளுக்குப் பாடம். இவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம், வேலைக்குப் போகக் கிட்டமாம், என்று போகிற போக்கில் சொன்னான்.

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, பச்சையாகத் தின்பதற்குப் பச்சைப் பலகை. மாற்றி வெட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நெருப்பு பட்டால் எல்லாம் சாகும். நெருப்பே வேண்டாம் என்கிறவனை யார் காப்பாற்றுவது?

"காலையில அவசரத்துல நீ ஏன் வெட்டிக்கிட்டு, நான் வெட்டித் தர்றேன்" என்றேன். நானும் மாறிவிட்டேன் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கான கோழியைப் பலகையில் வெட்டினேன். பிறகு பலகையைத் துணியால் துடைத்துவிட்டு அவனுடைய வெள்ளரிக்காயை வெட்டினேன். அவ்வளவுதான். அவன் தட்டில் நான் எதையும் கலக்கவில்லை. இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் நினைத்ததெல்லாம் ஒரு வாந்தி, ஒரு வயிற்றுப்போக்கு, அதன்பின் சூடாக ஒரு கிண்ணம் கஞ்சி. அந்தக் கஞ்சிக்காகத்தான் இத்தனையும். ஆனால் அவன் வயிறு என்ன வயிறோ, வெகுநாள் அசைந்து கொடுக்கவில்லை. எப்போதாவது முறுக்கும், தானாகச் சரியாகிவிடும். காய்க்காரரோடு சண்டை போட்டுக் கடையை மாற்றினான். காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தான். புதுப் பலகை ஒன்று வாங்கிவந்தான். அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் சமையலறை வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றான்.

"அக்கா, இதுல என்ன வெட்டின?"

"வெள்ளரிக்காய்."

பலகையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். திரும்ப வைத்தான். பெற்றவள் மாதிரி வளர்த்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? அன்று பாதித் தட்டுதான் சாப்பிட்டான். அந்தப் பாதிதான் வேலை செய்தது.

காய்ச்சல் அனலாக அடித்தது. கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான், ரத்தமும் போயிற்று. கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். கையால் தள்ளிவிட்டான். அப்போது அவன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். டீச்சர். விவரம் கேட்டதும் பதறிப்போய், "ரத்தமா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, தாமதிக்காதீங்க" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

"யாருக்கா?" என்றான்.

"உன் டீச்சர்தான். உடம்புல இருக்கற அழுக்கெல்லாம் வெளிய போகுதாம். டாக்டர்கிட்ட போக வேண்டாம், பொறுத்துக்கோன்னு சொன்னாங்க."

அவள் சொன்னதென்றால் வேதவாக்கு அவனுக்கு. பொறுத்துக்கொண்டான். அவளுடைய நம்பரை அப்போதே போனிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் விசாரிக்க வந்த விஷயம் இதுதான். போக வேண்டாம் என்று சொன்னது அவளல்ல, நான். மறுநாள் நேரில் வந்தாள். அவன் உன்னைப் பார்க்கப் பிரியப்படவில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன்.

வயிற்றுப்போக்கு நின்றது. மெலிந்து வேலைக்குப் போனான். சில நாளில் ஒரு கட்டடத்துப் படிக்கட்டில் கால் மரத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு கையும் விழுந்தது. வயிற்றுக்கு வருகிற கிருமி சில பேருக்குப் பின்னால் நரம்பையும் பிடித்துக்கொள்ளும், சரியாகலாம், மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள் டாக்டர்கள். இந்த நரம்பு விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவன் அந்த மாடிக்குக் குடிபோயிருப்பான், வேறென்ன.

நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டீச்சர் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.

என்னை அழைத்துப்போவதாக இருந்தால் மத்தியானத்துக்கு மேல் வாருங்கள். அவனுக்குக் குழைந்த சோறு ஊட்ட வேண்டும். அடுப்பில் ஏற்றியதுதான், டாக்டர் உத்தரவு. பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணிடம் தினமும், தன்னை எங்கேயாவது ஹோமில் சேர்த்துவிடும்படி கெஞ்சுகிறான். எனக்குச் சிரமம் தரக் கூடாதாம். ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் வாயைத் திறக்க மாட்டான். "முதல் வாய் நீ சாப்பிடுக்கா" என்பான். நான் சாப்பிடுவேன். விழுங்கி முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்கப்புறமும் சோறு ஆறிப்போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவன் சாப்பிடுவான். அக்கா பசியோடு இருந்தால் அவனுக்கு ஒரு வாய் இறங்காது. அவ்வளவு பாசம் என் மேல்.