கிளிப்பானையின் கழுத்துக் கோடு

— கையுறையெல்லாம் வேணாம் தம்பி. பானையைத் தொடாம எப்படிப் பார்க்கிறது?

— தொடுங்கக்கா, நான் எதையும் பார்க்கல. மியூசியத்துல என் வேலை போச்சுன்னா உங்க ஆக்கமா ஊருக்கு வந்து ஆடு மேய்க்கிறேன்.

— பக்கத்து ஊர் லகுனாக்காரனை நம்பி எவ ஆட்டைக் கொடுப்பா? விளக்கை இந்தப் பக்கம் திருப்பு.

— காலையிலேர்ந்து ஒவ்வொரு பானையும் யார் கைன்னு டக்கு டக்குன்னு சொன்னீங்க, டோலரிட்டாக்கா. இதுக்கு மட்டும் வாயே திறக்கலையே. அட்டையில 'வரைந்தவர் தெரியவில்லை'ன்னு இருக்கு.

— அப்படியே இருக்கட்டும்.

— அப்ப உங்களுக்குத் தெரியும்.

— மழை இறங்குற மாதிரி இருக்கிற இந்தக் கோடுங்களைப் பாரு. முடியை விட மெலிசு. யூக்காச் செடி ஓலையைப் பல்லால மென்னு நாராக்கி, அதையே தூரிகையா வச்சு ஒரே இழுப்புல இழுத்தது. எல்லாம் இடப்பக்கமா சாயுது, கேட்டியா? இடதுகைக்காரி. கிளி வாயில பழம் வச்சிருக்கு, கண்ணு மட்டும் நம்ம மேலயே இருக்கு. பென்சில் கிடையாது, அளவு கிடையாது. ஆனாலும் சுத்தி வந்து நாலாவது கிளியும் அதே அகலத்துல உக்காந்திருக்கு. எனக்கு இந்த வயசுலயும் கடைசிக் கிளி ஒடுங்கித்தான் போகுது.

— யாருக்கா இது?

— என்னைப் பெத்தவ. போன குளிர்ல கலிபோர்னியாவுல செத்துட்டா.

— ஐயோ. பேரைச் சொல்லுங்க, அட்டையில எழுதிடறேன்.

— சொல்ல மாட்டேன். எனக்குப் பத்தொன்பது வயசுல, ரயில்வேக்காரன் ஒருத்தனோட போயிட்டா. போற அன்னிக்கு ஸ்டேஷன்ல வித்த பானை இது. நான் பார்க்கக்கூட இல்ல. மறு வருஷம் ஆஸ்பத்திரிக் காலண்டர்லதான் படமாப் பார்த்தேன். அந்தக் கழுத்துக் கோட்டைப் பாரு.

— சுத்தி வந்து சேர்ந்திருக்கு.

— எங்க வீட்டுப் பொம்பளைங்க சேர்க்க மாட்டோம். ஒரு விரக்கடை விட்டுத்தான் முடிப்போம். உயிரோட இருக்கிற வரைக்கும் போக வர வழி அது. அவ மூடிட்டா. இனி இந்த வீட்டுக்கு வர மாட்டேன்னு எழுதி வச்சிட்டுப் போன மாதிரி. நாப்பது வருஷமா நான் ஒருத்திதான், கேட்டியா. அடுப்புல இருபது ரொட்டி சுட்டு பத்தொன்பதை அக்கம்பக்கத்துல கொடுத்துடறேன்.

— அக்கா, விளிம்புல ஒட்டு தெரியுது. இருங்க, பழைய ஃபைல் இங்கதான் இருக்கு. 'உடைந்த இரண்டு சில்லுகள் ஒட்டப்பட்டன. கழுத்துக் கோட்டில், வரைந்தவர் மறந்துவிட்ட இடம் கறுப்பு வண்ணத்தால் நிரப்பப்பட்டது.'

— மறந்துவிட்ட இடமா?

— பானை வந்த மாசமே செஞ்சிருக்காங்க. காலண்டர் படம் அதுக்கப்புறம்தான். எங்கேயோ இருந்து வந்த ஒட்டுவேலைக்காரன், குறைன்னு நெனச்சுட்டான். இந்தப் பஞ்சைப் பாருங்க, ஈரம் பட்டதுமே கறுப்பு விட்டு வருது. அடியில வெறும் வெள்ளை. வழி திறந்துதான் இருந்திருக்குக்கா.

— அந்தப் பஞ்சை என்கிட்ட கொடு.

— அக்கா? இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— எழுதிக்க. யூலாலியா. எங்கம்மா பேரு யூலாலியா.

— எழுதிட்டேன். அழாதீங்கக்கா. அவங்கதான் மூடவே இல்லையே.

— அந்தக் காலண்டருக்கு அப்புறம், அம்மா மூணு வருஷம் ஊர்த் திருநாளுக்கு வந்து கதவைத் தட்டுச்சு தம்பி. முன்பின் தெரியாதவனையும் உள்ள கூப்பிட்டு எங்க ஊரே சோறு போடுற நாள்ல, நான் தாழ்ப்பாளைப் போட்டுட்டு உள்ளேயே உக்காந்திருந்தேன்.