பதினாலாம் நம்பர் மனையில் ஒரு கடப்பாரை

அவையின் நடுவே அமர்ந்து அவ்வப்போது தம் கைக்கடிகாரத்தை அன்போடு நோக்கும் எங்கள் மனை முகவர் சங்கத் தலைவர் அண்ணன் ராஜாங்கம் அவர்களே, என் செருப்புத் தேய்வதற்கு முன்பே இந்தத் தொழிலில் தங்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்ட பெரியவர்களே, பிள்ளைகள் அடையாள அட்டை வாங்கும் அழகைக் காண வேப்பூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் மடிப்புக் கலையாமல் அமர்ந்திருக்கும் பதினோரு புதிய முகவர்களே, பின்னால் கதவோரம் நாற்காலியில்லாமல் நின்றுகொண்டிருக்கும் பன்னிரண்டாவது முகவரே, அனைவருக்கும் இந்த மிக்கேலின் பணிவான வணக்கம்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஏழாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் ஒன்பது வருடம் படித்தவன் என்று சொன்னாலும் பொய்யில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இருபது வருடமாக மனை விற்றுக்கொண்டிருக்கிறேன்.

புதிய முகவர்கள் வெற்றி பெறத் தேவையான குணங்களும் பழக்கங்களும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சென்னைத் தம்பி சிறப்பாகப் பேசினார். இரண்டாவது மணியில் போனை எடு என்றார். வந்தவர் பெயரை மறக்காதே என்றார். கைதட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், 'வேண்டாம்' என்ற சொல்லே முகவரின் வாயில் வரக் கூடாது என்று. அங்கேதான் ஐயா தட்டிய கையை நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஒரு சொல்லைச் சொன்ன குற்றத்துக்காகத்தான் பன்னிரண்டாவது பிள்ளைக்கு இன்று அட்டை இல்லை. பதினோரு அட்டைகள் மேசைமேல் இருக்கின்றன. ஒன்று மட்டும் தலைவரின் சட்டைப்பைக்குள் இருக்கிறது. அதிலுள்ள பெயர் நான்சி. என் மகள்.

என்ன? அந்த மூலையில் யாரோ, "வூட்டு வெவகாரத்த மேடையில பேசாத மிக்கேலு" என்கிறீர்கள். பேசத்தான் போகிறேன். இருபது வருடமாக ஊரார் வீட்டைப் பற்றித்தானே பேசினேன், இன்று ஒரு நாள் என் வீட்டைப் பற்றிப் பேசிக்கொள்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு. வரிசையாய் வெள்ளைக் கல், வாசலில் வளைவு, வளைவெங்கும் வண்ணக் கொடி. அதில் பதினாலாம் நம்பர் மனையை அம்புஜவல்லிக்குப் பேசி முடித்தேன். செராமிக் கம்பெனியில் டீ கப்புக்குக் கைப்பிடி ஒட்டும் அம்மா அவர். "செம்மண்ணு தங்கச்சி, கெட்டி மண்ணு, வூடு கல்லாட்டம் நிக்கும்" என்று அளந்துவிட்டேன். அந்த மண்ணை நான் தொட்டுப் பார்த்தேனா? தோண்டிப் பார்த்தேனா? குனிந்தாவது பார்த்தேனா? குனிய என் தொப்பை விடாது, அது வேறு விஷயம்.

பத்திரப் பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான்சி ஸ்கூட்டரில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு, அம்புஜவல்லியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மறித்தேன்.

"இன்னாடி இது, மனை பாக்கப் போறியா, கெணறு வெட்டப் போறியா?"

"இத்தினி மனை வித்தியே, ஒண்ணையாவது தோண்டிப் பாத்திருக்கியாப்பா?"

"மனை போட்ட மொதலாளி பாத்தார்னா என் பொழப்பு போயிடும்."

"பாக்காத வுட்டா இந்த அக்கா வூடு போயிடும். நவுருப்பா."

நகர்ந்தேன். என் வண்டியில் பின்னாலேயே போனேன், தடுக்கத்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் நான்சி கடப்பாரையை இறக்கிவிட்டாள். மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே? மண் இல்லை ஐயா. உடைந்த கப்பு, உடைந்த சாசர், மூக்குப் போன பொம்மை. வெளியூர்த் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், அது பீங்கானுக்குக் களிமண் வெட்டிய குழி. வெட்டிய குழியில் சூளையில் கழித்த உடைசலை லாரி லாரியாகக் கொட்டி நிரப்பி, மேலே செம்மண் பரப்பி, கல் நட்டு, கொடி கட்டி, அதை வீட்டுமனை என்று விற்கிறார்கள். விற்கிறோம்.

அம்புஜவல்லி ஒரு கைப்பிடியை எடுத்துப் புடவையில் துடைத்தார். ஒட்டும்போது அழுத்திய விரல் தடம் அதில் இருந்தது. தம் பெருவிரலை அதன்மேல் வைத்தார். பொருந்தியது.

"நான் ஒட்டுனதுதாண்ணே இது. சூளையில விரிசல் வுட்டுடுச்சுன்னு மேஸ்திரி திட்டிட்டு தூக்கிப் போட்டாரு. ஒரு டீயத் தாங்காதுன்னு கழிச்சதுக்கு மேலயா என்னை வூடு கட்டச் சொன்ன?"

நான்சிதான் சொன்னாள்: "வேண்டாங்க்கா. இந்த மனை உங்களுக்கு வேண்டாம்."

மறுநாளே முதலாளி சங்கத்துக்குப் புகார் எழுதினார், இந்தப் பெண் தொழிலுக்கு லாயக்கில்லை என்று. புகாரின் அடியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று கோணலாக இருக்கும். யார் போட்டது தெரியுமா? நான்தான். பிழைப்புப் போய்விடுமே என்ற பயத்தில், பெற்ற மகளுக்கு எதிராக நானே போட்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் வருகிறது, கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும் வர மாட்டேன் என்கிறது.

எனக்குக் கோபம் யார்மேல்? குழியை மறைத்தவன்மேலா? கல்லை நட்டவன்மேலா? கண்ணை மூடிக்கொண்டு காலமெல்லாம் கட்டி மண், கெட்டி மண் என்று கூவிய இந்த மிக்கேல்மேல்தான் முதல் கோபம். பதினோரு பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை உங்களை வேனில் ஏற்றி அதே வளைவுக்குத்தான் கூட்டிப்போகப் போகிறார்கள். சிரித்த முகம் வேண்டும், சரி. சுத்தமான சட்டை வேண்டும், சரி. மழை விட்ட மறுநாள் அந்த மனையில் போய் நிற்கும் கால் எங்கே? பக்கத்துக் கொல்லைக்காரரிடம் "இங்க முன்ன இன்னா இருந்துச்சுங்க" என்று கேட்கும் வாய் எங்கே? வாங்க வந்தவரின் கண்ணைப் பார்த்து, கைக்கு வந்த வியாபாரம் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று, வேண்டாம் என்று சொல்லும் நெஞ்சு எங்கே? அது இல்லாதவன் கழுத்தில் எத்தனை அட்டை தொங்கினால் என்ன?

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கமிட்டி கூடி முடிவெடுக்குமாம். தாராளமாகக் கூடட்டும். ஆனால் தலைவரே, அந்தப் புகாரில் போட்ட கையெழுத்தை இந்த மேடையில், இத்தனை பேர் முன்னால் திரும்பப் பெறுகிறேன். சாட்சி இல்லாத புகாரை வைத்துக்கொண்டு கமிட்டி எதைப் பேசும்? இதோ, என் அட்டையையும் கழற்றி வைக்கிறேன். தோண்டாமல் விற்றவனுக்கு அட்டை, தோண்டிப் பார்த்தவளுக்குக் கதவோரம் என்றால், அந்த அட்டை எனக்கு வேண்டாம்.

அம்மா நான்சி, நாளை முதல் உன்னிடம் புது ஆளாகச் சேர வருகிறேன். சேர்த்துக்கொள்வாயா?

முன்வரிசைக்குக் கேட்டதா, கதவோரத்திலிருந்து அவள் சொன்னது? "மொதல்ல அந்த அக்காகிட்ட போயி மன்னிப்பு கேட்டுட்டு வாப்பா, அப்பறம் பாக்கலாம்" என்கிறாள்.

நியாயம். போகிறேன். சோற்றுப் பந்தியில் என்னைத் தேட வேண்டாம், மேடையை விட்டு இறங்கி நேரே அம்புஜவல்லி வீட்டுக்குத்தான். மைக்கைப் பிடுங்காமல் பொறுத்த தலைவருக்கும், வசவோடும் சிரிப்போடும் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் என் நன்றி. புதிய பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் வணக்கம். போயிட்டு வரேங்க.