நாத்தனார் ஏத்தம்

மலை ரோடு தாரையே கண்ணால காணாத காலம் அது. மேல பாறைக்கோம்பைன்னு ஒரு ஊரு, அடிவாரத்துல அய்யம்பொட்டல்னு ஒரு ஊரு. அய்யம்பொட்டல்ல வெள்ளக்காள்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டன் தவசிக்குக் கூடப்பொறந்த அக்கா. எதைக் கண்டாலும் "அது ஏன்?"னு கேப்பாளாம். கோழி ஏன் ஒத்தக்கால்ல நிக்குது? கேப்பா. கெணத்துக்குள்ள கத்துனா ஏன் திரும்பக் கத்துது? கேப்பா. பதில் சொல்ல ஆளில்லேன்னாலும் கேப்பாளாம்.

தவசிக்குப் பாறைக்கோம்பையில பொண்ணு பேசுனாக. பொண்ணு பேரு சீலம்மா. அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் வச்சு, மாப்பிள்ளை வராமப் போயிட்டான். மணவறையில உக்காந்தவ தனியா எந்திரிச்சுப் போனா. ராசி கெட்டவள்னு ஊரே சொல்லிருச்சு. இந்தத் தடவை அவ அப்பா சொல்லிவிட்டாராம்: "முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்து நிக்கணும். தவறுச்சுன்னா எம்மகளுக்கு இனிமே கல்யாணப் பேச்சே வேணாம்."

மாட்டு வண்டிய நம்ப முடியாதுன்னு டவுன்ல இருந்து ஒரு காரைப் பேசிக் கொண்டாந்தாக. ஓட்டுனது லூர்துன்னு ஒரு டிரைவரு. விடிஞ்சதும் எல்லாரும் ஏறியாச்சு. முன் சீட்டுல வெள்ளக்காள்.

"எந்திரிங்கக்கா"ன்னாராம் லூர்து.

"ஏன்?"

"உங்களுக்குக் கீழதான் பெட்ரோல் தொட்டி."

சீட்டைத் தூக்கி, மூடியத் திருகி, கோடு கிழிச்ச மூங்கில் குச்சிய உள்ள விட்டு எடுத்தாராம். இவ குனிஞ்சு பாக்குறா.

"இது எதுக்கு?"

"எம்புட்டு இருக்குன்னு பாக்கத்தான். இந்த வண்டியில அளவு காட்டுற முள்ளு கெடையாது. குச்சி நனைஞ்ச மட்டும் பெட்ரோலு. மூணு விரக்கடை இருக்கு, மேல போயி இறங்கத் தாராளம்."

அப்புறம் இஞ்சினுக்கு அடியில படுத்தாராம். இவளும் சேலையைச் சொருகிட்டுக் குனிஞ்சா. அங்க மேலயும் கீழயுமா ரெண்டு சின்னக் குழாய். "மேல் குழாயத் தெறந்தா எண்ணெய் சொட்டணும். கீழதான் சொட்டுதுன்னா கொறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். ரெண்டுமே சொட்டலேன்னா வண்டிய எடுக்கவே கூடாது." மேல் குழாய் கருப்பாச் சொட்டுச்சு. வண்டி கெளம்புச்சு.

பாதி மலை நல்லாத்தான் ஏறுச்சாம். அதுக்கு மேல செங்குத்து. வண்டி இருமுச்சு, உலுக்குச்சு, நின்னே போச்சு. எல்லாரும் குதிச்சு சக்கரத்துக்குக் கல்லு வச்சாக. லூர்து குச்சிய விட்டுப் பாத்தா, மூணு விரக்கடை அப்படியே இருக்கு. குழாயத் தெறந்தா, எண்ணெய் சொட்டுது. பெட்ரோலும் இருக்கு, எண்ணெயும் இருக்கு, வண்டி ஓடல. லூர்துக்கு வேர்த்துருச்சு.

கூட வந்த தாய்மாமன் துண்டை உதறுனாராம். "எல்லாம் அந்தப் பொண்ணு ராசி. இங்கயே தெரியுது. திரும்புங்கடா."

தவசி அக்காளைப் பாத்தான். நடந்து போனா முகூர்த்தம் தப்பிரும். திரும்பிப் போனா அந்தப் பொண்ணு என்ன ஆவா?

வெள்ளக்காள் டிரைவரைக் கேட்டாளாம். "தொட்டியில இருக்க பெட்ரோலு இஞ்சினுக்கு எப்படிப் போகுது? யாரு எறைக்கிறா?"

"யாரும் எறைக்கலக்கா. சீட்டு உசரம், இஞ்சின் தாழ்வு. தானா வடியும்."

அவ நாலடி தள்ளிப் போயி, வண்டிய ஓரமா நின்னு பாத்தா. வண்டி மூக்கு வானத்தைப் பாத்து நிக்குது.

"இப்ப எதுய்யா உசரம்?"

லூர்து வண்டியப் பாத்தாரு. குச்சியப் பாத்தாரு. தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாராம். "அக்கா! மேட்டுல வாய்க்கா பாயாதே! வண்டியத் திருப்பிட்டா தொட்டி உசரமாயிரும். பின் கியர்லயே ஏத்திருவேன். ஆனா பின்னாடி பாத்து வழி சொல்ல ஆள் வேணும்."

"நான் சொல்லுறேன்."

எல்லாருமாச் சேந்து வண்டியத் தள்ளித் திருப்புனாக. அவ மிதிபலகையில ஏறி, கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். லூர்து வண்டி மூக்குல இருந்த கைப்பிடியச் சுத்துனதும் இஞ்சின் உறுமுச்சு. "வரலாம்... வரலாம்... பாறைப் பக்கம் ஒடி... வரலாம்!" ஒரு வளைவுல சக்கரம் தட்டி ஒரு கல்லு உருண்டுச்சாம். உருண்டுச்சு, விழுந்த சத்தமே கேக்கல. அப்பயும் அவ "வரலாம்"னு சொல்லுறத நிறுத்தல. பொறந்ததுல இருந்து அவ கேக்காத ஒரே கேள்வி, அந்தப் பள்ளம் எம்புட்டு ஆழம்ங்கிறதுதானாம்.

மேல மணவறையில சீலம்மா உக்காந்திருக்கா. பாறை மேல நின்ன ஆளுக கத்துறாக. "வண்டி தெரியுது! அய்யோ, மூஞ்சி கீழ பாத்துல்ல இருக்கு! மாப்பிள்ளை திரும்பிப் போறான்!" மேளம் நின்னுருச்சு. அவ அப்பா அப்படியே தரையில உக்காந்துட்டாராம்.

சீலம்மா மாலையோட எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"அப்பா, போற வண்டின்னா சின்னதால்ல ஆகணும்? இது பெருசாகுதே!"

அப்பத்தான் எல்லாரும் பாத்தாக. முதுகக் காட்டிக்கிட்டே வண்டி பெருசாகி, பெருசாகி, பந்தக்கால் முன்னாடி வந்து நின்னுச்சு. தவசி இறங்குனான். தாய்மாமன் கடைசியா, துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டே இறங்குனாராம். முகூர்த்தத்துல தாலி ஏறுச்சு.

அந்தச் செங்குத்துக்கு நாத்தனார் ஏத்தம்னு பேரு வச்சது சீலம்மாதான். நாத்தனார் பேரு வச்ச ரோடு வேற எந்த ஊர்லயாச்சும் உண்டா சொல்லுங்க. இன்னைக்குத் தாரு ரோடு, புது வண்டி, எல்லாம் வந்துருச்சு. இருந்தாலும் பாறைக்கோம்பைக்கு எந்த மாப்பிள்ளை வந்தாலும், அந்த ஏத்தத்துல காரைத் திருப்பிக் கொஞ்ச தூரம் பின்னாடியேதான் ஏத்துவாக. மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி யாராச்சும் கூட நடந்துக்கிட்டே "வரலாம், வரலாம்"னு சொல்லணும். அந்தக் குரல் கேட்டாத்தான் மேல மேளம் அடிப்பாக.