முன் சக்கரம்

வெளியூர் ஆட்களுக்குச் சமைக்கும்போது காரத்தைக் குறைக்கலாம், உப்பைக் குறைக்கக் கூடாது. வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவர்களுக்கு உப்பு வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை மேடம், செய்து செய்து தெரிந்துகொண்டது.

என் தம்பி சக்திகுமார் சைக்கிள் சுற்றுலா நடத்தினான். சென்னை, பெங்களூர், சில சமயம் வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். காலையில் கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவான். தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற தெருக்கள், கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற இடம், அப்புறம் எட்டயபுரம் ரோட்டில் ஏறிக் கரிசல் காட்டுக்குள் வண்டிப்பாதை. கண்மாய்க் கரையில் நிழல் பார்த்து உட்காரவைத்துக் கதை சொல்லுவான். பருத்தி வெடித்திருக்கிற பருவத்தில் வந்தவர்கள் செடியை விட்டு நகரவே மாட்டார்கள். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சைவம் என்றால் கத்தரிக்காய், மோர் மிளகாய். எல்லோரும் அவனைத்தான் புகழ்ந்து எழுதுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவனை வளர்த்தது நான்.

அம்மா அவனைப் பெற்ற வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா லாரி டிரைவர், கயத்தாறு பக்கத்தில் நடந்த விபத்தில் இறந்தார். சக்தி அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு வந்த வரன்களை எல்லாம் நானே வேண்டாம் என்றேன். அவனுக்குச் சைக்கிள் வாங்கித் தந்து, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நான். அவன் விழாமல் ஓட்டுவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று. நான் கையை எடுக்கவே இல்லை என்பதால்தான் என்று சிராஜ் அண்ணாச்சி சிரிப்பார்.

சிராஜுதீன் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் மேல்தான் நீங்கள் கேஸ் போட்டிருக்கிறீர்கள். எங்கள் சைக்கிள்களை எல்லாம் அவர்தான் பார்ப்பார். விருந்தாளிகள் வருவதற்கு முந்தின சாயங்காலம் வீட்டு முற்றத்துக்கே வந்து, காற்று, பிரேக், செயின் எல்லாம் சரிபார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். அந்த வாரமும் அப்படித்தான் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நவநீதகிருஷ்ணன் என்று ஒருவர் சென்னையில் இதே தொழிலைப் பெரிதாக நடத்துகிறார். விடிகாலையில் பழைய தெருக்கள், மார்க்கெட், கடற்கரை என்று சைக்கிளில் கூட்டிப்போவார்களாம். அவர் இங்கே விருந்தாளியாக வந்தார், சக்தியைப் பார்த்தார், பிடித்துப்போய்விட்டது. தன்னோடு வந்துவிடு என்றார். சக்தி அன்றைக்கு என் காலடியில் உட்கார்ந்து சொன்னான்.

"யக்கா, நீயும் வா. மெட்ராஸ்ல வீடு பாத்துக் குடுக்கேன்னு சொல்லுதாரு. சமையக்கட்டு பெருசா இருக்கணும்னு சொல்லியிருக்கேன். நீ அங்கன சமைச்சா கூட்டம் தாங்காது பாரு."

"போயிட்டு வாலே, நான் எதுக்கு?" என்றேன்.

"நீ இல்லாம நான் மட்டும் எப்படிப் போவேன்?"

அவன் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னான் மேடம். போன பிறகு எல்லாம் மாறிவிடும். இங்கே தெருவில் நடந்தால் சக்தியை வளர்த்த அக்கா என்பார்கள். அங்கே நான் சமையல்காரி. அவனுக்குக் கல்யாணம் ஆகும், வருகிறவள் பார்த்து எனக்கு ஒரு மூலை ஒதுக்குவாள். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகிற இடத்தில் சக்தி ஒரு வேடிக்கை காட்டுவான். வந்தவர்களை மேலேயே நிற்கவைத்துவிட்டு, தான் மட்டும் வேகமாக இறங்கி, பாதியில் முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்திலேயே போவான். எல்லோரும் கை தட்டுவார்கள். சிராஜ் அண்ணாச்சி அதற்காக அவனை எப்போதும் ஏசுவார். "ஏலே, சக்கரம் தரையில இருக்குத வரைக்கும் உன் கனம் அதை அமுக்கிக்கிட்டு இருக்கும். நட்டு லூசாக் கெடந்து நீ தூக்குனேன்னு வையி, சக்கரம் தனியாப் போயிரும், நீ தனியாப் போவ" என்பார். நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த விருந்தாளிகள் வந்த அன்று காலை அவன் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போன பிறகு, அவன் சைக்கிளில் முன் சக்கரத்து நட்டு இரண்டையும் தளர்த்தி வைத்தேன். அவன் சைக்கிளில் மட்டும். விருந்தாளிகள் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவர்கள் நம்மை நம்பி வருகிறவர்கள். பிறகு கை கழுவிவிட்டு அரிசி களைந்தேன்.

கையோ காலோ ஒடியும், கொஞ்ச நாள் கட்டுப் போட்டுக் கிடப்பான், நவநீதகிருஷ்ணன் வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். கரைக்குக் கீழே, கண்மாய்த் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கில் கல் கிடப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதன் மேல் போய் விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சொன்னபோது நான் அழுதேன். நடிக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. காலையில் எழுப்பி, உடம்பு துடைத்து, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிடுவேன். கை நன்றாகத்தான் இருக்கிறது, அவனே சாப்பிடலாம். நான் ஊட்டினால் பிடிக்கும் என்று நினைத்து ஊட்டினேன். சின்னப் பிள்ளையில் எப்படி இருந்தானோ அப்படி இருந்தான். என்னைக் கேட்டால் அந்த மாதங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

நட்டு லூசாக இருந்தது என்று விசாரணையில் வந்ததும் சிராஜ் அண்ணாச்சி மேல் கேஸ் ஆயிற்று. ஜாமீனில் வந்தவர் கடையைத் திறக்கவே இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி, முடுக்குனதாத்தான் எனக்கு ஞாபகம். ஆனா வயசாவுதுல்லா. விட்டுருப்பேன் போல. எங்கையாலயே பிள்ளையை இப்படிப் போட்டுட்டேனே" என்று சொல்லி அழுதார்.

"அழாதீங்க அண்ணாச்சி, யாரும் வேணும்னு செய்ய மாட்டாங்க" என்று ஆறுதல் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் சக்தியை யார் பார்ப்பது?

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. அண்ணாச்சிதான் சும்மா இருக்கவில்லை. பழைய சைக்கிள் இரண்டைப் பிரித்து, மூன்று சக்கரம் வைத்து, கையால் சுற்றி ஓட்டுகிற மாதிரி ஒரு வண்டி செய்துகொண்டு வந்தார். செயினைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்திருந்தார். முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்கு வார். சக்தியைத் தூக்கி உட்காரவைத்தார். தெருமுனை வரைக்கும் போய் அவனாகவே திருப்பிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் எத்தனை செய்தும் வராத சிரிப்பு.

பிறகு தினமும் வண்டி. காலையிலேயே தயாராகிவிடுவான். தானே சாப்பிட ஆரம்பித்தான். எட்டயபுரம் ரோடு வரைக்கும் போய்வந்தான். நவநீதகிருஷ்ணனுக்கு வீடியோ அனுப்பினான். அவர் போனில் பேசியது எனக்கு அடுக்களை வரைக்கும் கேட்டது. வேலை அப்படியே இருக்கிறது, இந்த வண்டியிலேயே வந்து முன்னால் போ, கடற்கரைப் பக்கம் மேடே கிடையாது என்றார். சக்தி என்னைக் கூப்பிட்டு, "யக்கா, கேட்டியா?" என்றான். இந்தத் தடவை நீயும் வா என்று அவன் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பான்.

முந்தாநாள் மத்தியானம் அவன் தூங்குகிறான் என்று நினைத்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யக்கா, என்ன செய்யுத?"

"துடைக்கேன்லே."

"துடைக்கதுக்கு ஸ்பானர் எதுக்கு?"

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அன்னைக்கும் நீதானா?"

அவனிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. "முன் சக்கரம் மட்டுந்தான்" என்றேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். உணர்ச்சியே இல்லாத காலை எதற்கு மூட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னான்.

"சிராஜ் மாமா தினமும் வந்து எங்காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறாரு. உனக்கு ஒண்ணுமே செய்யலையா? ஸ்டேஷன்ல போயி நீயே சொல்லு. அது வரைக்கும் உங்கையால பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

பிடிவாதக்காரன். நேற்றெல்லாம் ஒன்றும் சாப்பிடவில்லை. இட்லி வைத்தேன், உளுந்தங்களி கிண்டினேன், எல்லாம் அப்படியே கிடந்தது. மனசு சரியில்லாத நேரத்தில் யாரிடமாவது எதையாவது பேசிவிடக் கூடாதே என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி வந்து கதவைத் தட்டினார். சக்தி உள்ளேயிருந்து கூப்பிட்டான், தொண்டை வறண்டிருந்ததால் சத்தம் வெளியே போகவில்லை. அவன் தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று காலையில் அவன் உதடு வெடித்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் வந்தேன். சிராஜ் அண்ணாச்சிக்காக என்று நீங்கள் எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் நட்டை நன்றாகத்தான் முடுக்கினார், தளர்த்தியது நான். இரண்டாவது தடவையும் நான்தான், அது பாதியில் நின்றுவிட்டது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். நகல் ஒன்று கொடுத்தீர்களென்றால் அவனிடம் காட்டி ஒரு வாய் சாப்பிடவைத்துவிடுவேன். குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தேன், ஆறிக்கொண்டிருக்கும்.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள் என்று தெரியவில்லை. ஜீப் எதற்கு? அவன் பத்திரமாகத்தான் இருக்கிறான் மேடம். வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.