மார்கழியில் காப்பிப் பூ

— அப்போ நோட்டுல வரைஞ்சிருக்கற இந்தப் பூவை என் பொண்ணு எங்க பார்த்தா? அதைச் சொல்லுங்க வெள்ளையம்மா அக்கா.

— ஏனுங்க டீச்சரம்மா, காப்பித் தோட்டத்துல காப்பிப் பூ இருக்காதுங்களா?

— மார்கழி மாசத்துலயா? இப்பப் பழம் பறிக்கிற நேரம். மழை விழுந்து பங்குனி, சித்திரைலதான் பூக்கும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.

— ஒண்ணு ரெண்டு தப்பிப் பூக்குமுங்க.

— சரி, பூ தப்பிப் பூத்துச்சு. பக்கத்துல வேர், தண்டு, இலைன்னு அம்புக்குறி போட்டிருக்காளே? வேரையும் தோண்டிப் பார்த்தாளா?

— பாப்பா நொம்பக் கெட்டிக்காரிங்க.

— மழுப்பாதீங்க. சத்தமாவும் பேசாதீங்க, ரூத் உள்ளதான் தம்பிக்குப் பட்டாணியைப் பத்துப் பத்தா அடுக்கிக் காட்டிட்டு இருக்கா. தினமும் கணக்கு முடிஞ்சதும் நோட்டைக் கொடுத்து, பின்னாடி எஸ்டேட்ல உங்ககிட்ட விட்டுட்டு வர்றேன். நீங்க பறிக்கற இடத்துலயே உக்காந்து செடி, குருவி, பூச்சின்னு பார்த்து வரையணும். ஒரு மணிக்கு உங்களோட திரும்பி வரணும். அதுதானே நம்ம பேச்சு?

— அதேதானுங்க.

— அப்புறம் ஏன் எஸ்டேட்ல பேர் பதியற ரைட்டர் செல்லப்பன் நேத்து என்னை நிறுத்தி, "பாப்பாவை இப்பத் தோட்டத்துக்கு அனுப்பறதில்லீங்களா"ன்னு கேட்டார்?

— அந்த ஆளு எந்நேரமும் போன்ல மூஞ்சியை வச்சிருக்கறவருங்க. அவருக்கு யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு என்ன தெரியும்?

— இதை ராத்திரி என் வீட்டுக்காரர் மெல்வின்கிட்டக்கூடச் சொல்லலக்கா. சொன்னா ரிசார்ட் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து உங்களைத்தான் நிறுத்திக் கேள்வி கேட்பார். கொடுத்து விடற சாப்பாடு பாதி திரும்பி வருது. கேட்டா பசியில்லைங்கறா. முந்தாநாள் சாப்பிடறப்போ ஒத்தை விரலைத் தூக்கிட்டு என் முகத்தையே பார்க்கறா. எதுக்குன்னா, பாத்ரூம் போகணுமாம்! எங்க வீட்ல விரல் தூக்கற பழக்கம் யாருக்கு இருக்கு?

— வெளையாட்டுக்குப் பண்ணியிருக்குமுங்க.

— யார் வீட்ல விட்டு வைக்கறீங்க? அங்க ஆம்பளைங்க இருக்காங்களா?

— ஐயோ சாமி! அப்படியெல்லாம் நெனைக்காதீங்க. எம்பட பொண்ணு சசிகலாவும் பாப்பாவும் எனக்கு ஒண்ணுதானுங்க.

— வேற எப்படி நினைக்கறது? நடந்ததை வாயைத் திறந்து நாலு பேர்கிட்டச் சொல்ற குழந்தையா அவ? எங்க மூணு பேர்கிட்டத்தான் பேச்சு. வெளியாள் ஒருத்தர் வந்துட்டாப் போதும், ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை வந்ததில்ல. உங்ககிட்டயே தலையைத்தான் ஆட்டுவா. அந்த மாதிரிக் குழந்தையை நம்பி ஒப்படைச்சேனே உங்ககிட்ட!

— டீச்சரம்மா, அழுவாதீங்க.

— நான் அழல. இந்த கவுனைப் பாருங்க. மடியெல்லாம் வெள்ளை. காப்பிப் பழம் தொட்டா பிசுபிசுன்னு கறுத்துல்ல போகும்? பன்னெண்டு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான். சாக்பீஸ் எனக்குத் தெரியாதா? எந்த ஸ்கூல்?

— நம்ம ஊர்ப் பள்ளிக்கொடந்தானுங்க. தோட்டத்து வேலிக்கு அக்கட்ட, அந்தப் பக்கமுங்க.

— எத்தனை நாளா?

— ஆடி மாசத்துலருந்துங்க.

— ஆடியா! அஞ்சு மாசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!

— ஏமாத்தோணும்னு இல்லைங்க. ஒரு நாள் சசிகலா சோத்துத் தட்டை ஊட்லயே உட்டுட்டுப் போயிருச்சு. குடுக்கப் போனேன், பாப்பாவும் கூட வந்துச்சு. சன்னல் கம்பியைப் புடிச்சது புடிச்சதுதான், இழுத்தாலும் வரல. பேரெல்லாம் எழுத வேண்டாம், சித்த நேரம் உக்காந்துட்டுப் போவட்டும்னு அங்க இருக்கற டீச்சர்தான் உள்ள கூப்புட்டாங்க. சுவத்துல ஒட்டியிருக்கற காப்பிச் செடிப் படமும் அவங்க வரைஞ்சதுதானுங்க, அதைப் பார்த்துத்தான் பாப்பா நோட்டுல போட்டிருக்குது. மத்தியானம் முட்டை போட்டுச் சோறும் அங்கயே தின்னுக்குது.

— முட்டையா? இங்க வாசனை பட்டாலே மூக்கைப் பொத்துவா.

— அங்க வரிசையில தட்டை நீட்டிக்கிட்டு நிக்குதுங்க.

— எதுக்காக அவளை வீட்ல வச்சுச் சொல்லித் தர்றேன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். சேலத்துல பெரிய ஸ்கூல். கேட்ட கேள்விக்கு வாய் திறக்கலைன்னு அஞ்சு வயசுக் குழந்தையை ஒரு நாள் முழுக்கப் பெஞ்சு மேல நிக்க வச்சாங்க. அன்னைக்குப் போன பேச்சு அது. வேலையை விட்டேன், ஊரை விட்டேன், இந்த மலைக்கு வந்தேன். மறுபடியும் அந்தப் பெஞ்சுக்கே கொண்டுபோய் விட்டுட்டீங்களே!

— இங்க பெஞ்சே கெடையாதுங்க. பாய்தான்.

— சிரிக்க வைக்காதீங்கக்கா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. அந்த டீச்சர் இவளை என்ன பண்றாங்க? மிரட்டறாங்களா?

— அடிக்கறதெல்லாம் இல்லைங்க.

— மிரட்டறாங்களான்னு கேட்டேன்.

— எப்பவாச்சும் சத்தம் போடுவாங்க.

— பாருங்க! எனக்குத் தெரியும். பேசச் சொல்லித்தானே?

— இல்லைங்க. வாயை மூடச் சொல்லி.

— யாரை?

— பாப்பாவைத்தானுங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குதுன்னு. பக்கத்துப் புள்ளைங்களை எழுத உடாம வளவளன்னு கதை சொல்லுதாம். முந்தா வாரம் எடம் மாத்திக்கூட உக்கார வச்சாங்க.

— என் ரூத்தா? நீங்க வேற யாரையோ சொல்றீங்க.

— உங்க ரூத்துதானுங்க. எங்கூட வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் வரும். இந்த ஊட்டு கேட்டைத் தொட்டதும் தலையை ஆட்ட ஆரம்பிச்சுரும்.

— ஒரு நிமிஷம் இருங்க. இப்படி உக்காந்துக்கறேன்.

— உக்காருங்க. தண்ணி மோந்துட்டு வரட்டுங்களா?

— வேண்டாம். எந்த டாக்டரும் இது எப்போ நடக்கும்னு சொல்லலக்கா. ரெண்டு வருஷமா கும்பிடாத நாளில்ல நான். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்து அந்த டீச்சர் கையைப் புடிச்சிருப்பேன். இதைப் போய் எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?

— நானாச் செய்யலைங்க. பாப்பாதான் எங்கிட்டயும் சசிகலாகிட்டயும் சத்தியம் வாங்கிக்கிச்சு.

— அவளா? நான் திட்டுவேன்னு பயமா?

— திட்டுக்கெல்லாம் இல்லைங்க. "நான் எல்லார்கிட்டயும் பேசறேன்னு தெரிஞ்சா அம்மா மறுபடி வேலைக்குப் போயிருவாங்க, சொல்லிராதீங்கக்கா"ன்னு சொல்லுச்சுங்க.