நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு சொட்டு

டீச்சர்: …கையை எடுங்க! குழாயைத் தொடாதீங்க!

பிளம்பர்: அடியே, பதறாத. ஸ்பேனரை இப்பதான் பையிலேருந்து எடுக்கறேன்.

டீச்சர்: பையிலயே வையுங்க. அஞ்சே நிமிஷம். நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு அப்புறம் கழட்டுங்க.

பிளம்பர்: வீட்டுல கேக்கறது பத்தாதா? உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் விரட்டி விரட்டிக் கூப்பிட்டாங்க. ஏழாம் வகுப்பு வாசல்ல குழாய் ஒழுகுது, நாளைக்கு அதிகாரி வர்றாரு, உடனே வாங்கனு. நீ என்னடான்னா…

டீச்சர்: இந்தச் சொட்டுதாங்க என் பாடம்! திங்கட்கிழமையிலேருந்து தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேனே.

பிளம்பர்: காதுல விழுந்துச்சு. யோசிக்கறதுல ஆறு படி இருக்கு. ஒவ்வொண்ணா ஏறணும். அதானே?

டீச்சர்: பரவாயில்லையே! முதல் படி?

பிளம்பர்: ஞாபகம். பேர் சொல்றது. ஸ்கூல்ல நான் ஏறினது அந்த ஒரு படிதான். அதுலயும் வழுக்கி விழுந்து முட்டி பேந்துச்சு.

டீச்சர்: என் பிள்ளைங்க அதை ஒரே தாவுல தாண்டிட்டாங்க. கைப்பிடி, தண்டு, வாஷர்… எல்லாம் தண்ணிபட்ட பாடு. ரெண்டாவது படி, ஏன் ஒழுகுதுனு சொந்த வார்த்தையில சொல்லணும். ஒருத்தன் எழுந்து, "வாஷர் ரப்பர் தேஞ்ச செருப்பு மாதிரி டீச்சர், ஓரத்துல இடம் விட்டுடுது"ங்கறான்!

பிளம்பர்: அட! அதை அப்படிச் சொல்ல எனக்கு இத்தனை வருஷத்துல தோணலையே.

டீச்சர்: இருங்க, அது வெறும் ஆரம்பம். செவ்வாய்க்கிழமை கடிகாரத்தை வெச்சு எண்ணினோம். நிமிஷத்துக்கு நாப்பது சொட்டு. ஒரு நாளைக்கு எத்தனை குவளை வீணாகுதுனு அவங்களே போட்டுப் பாத்தாங்க. கணக்குனா ஓடி ஒளியற பிள்ளைங்க! தெரிஞ்சதை வேலைக்குக் கொண்டுவர்றது, அது மூணாவது…

பிளம்பர்: மூச்சு விடு.

டீச்சர்: விடறேன். புதன்கிழமை காலையில மறுபடி எண்ணினா… அறுபத்திரண்டு!

பிளம்பர்: அறுபத்திரண்டா!

டீச்சர்: என்ன, ஸ்பேனரைக் கீழ போட்டுட்டீங்க?

பிளம்பர்: வழுக்கிடுச்சு. கை ஈரம்.

டீச்சர்: குழாயைத் தொடவே இல்ல, ஈரம் எங்கேருந்து வந்துச்சு? சரி விடுங்க. கடைசி பெஞ்சுல கொட்டாவினு ஒரு பொண்ணு இருக்கானு சொன்னேனே…

பிளம்பர்: எப்பப் பாத்தாலும் வாயைப் பிளந்துகிட்டு…

டீச்சர்: அவளேதான். மூணு வருஷமா வகுப்புல அவ வாயைத் திறந்தது கொட்டாவிக்கு மட்டும்தான். இன்னிக்குத் திடீர்னு எழுந்து நிக்கறா. "ஒரே ராத்திரியில ரப்பர் இவ்வளவு தேயாது டீச்சர். யாரோ குழாயைத் திறந்திருக்காங்க."

பிளம்பர்: தண்ணி வேகம் கூடியிருக்கும்னு சொல்ல வேண்டியதுதானே?

டீச்சர்: சொன்னேன்! நோட்டை நீட்டறா. பக்கத்துக் குழாயில குவளை நிறைய எவ்வளவு நேரம் ஆச்சுனு ரெண்டு நாளும் குறிச்சு வெச்சிருக்கா. ரெண்டும் ஒண்ணு! ஒப்பிட்டுப் பாக்கறது, பிரிச்சுப் பாக்கறது… அது நாலாவது படிங்க. நான் இன்னும் அங்க போகவே இல்ல!

பிளம்பர்: கெட்டிக்காரப் பொண்ணு… ரொம்பவே.

ஹெட்மிஸ்ட்ரஸ்: என்ன, இன்னும் பேச்சுதானா? தண்ணி நின்னுச்சா?

பிளம்பர்: இதோ மேடம், கை வெச்சாச்சு.

ஹெட்மிஸ்ட்ரஸ்: உங்களை ரெண்டு தடவை கூப்பிட வேண்டியதாப் போச்சு. டீச்சர், அதிகாரி பத்து மணிக்கு உங்க வகுப்புலதான் உக்காரப் போறாரு. இந்த யோசிக்கற பாடம் தொடரணுமா, பழையபடி நோட்ஸ் எழுத வெக்கணுமானு அவர் சொல்றதுதான் முடிவு. வாசல்ல ஒரு சொட்டு விழக்கூடாது.

டீச்சர்: சரிங்க மேடம்…

ஹெட்மிஸ்ட்ரஸ்: அஞ்சரைக்குக் கேட்டைப் பூட்டிடுவாங்க.

டீச்சர்: …போயிட்டாங்களா?

பிளம்பர்: போயாச்சு. நகரு. சொட்டும் நிக்கும், உன் தலைவலியும் நிக்கும்.

டீச்சர்: வேண்டாங்க! நாளைக்கு கொட்டாவி எல்லார் முன்னாடியும் வந்து பேசப்போறா. குழாய் காஞ்சு கிடந்தா எதைக் காட்டிப் பேசுவா?

பிளம்பர்: அப்ப விட்டுடு.

டீச்சர்: விட்டா நான் மாட்டிப்பேன்!

பிளம்பர்: நீ எதுக்கு மாட்டப்போறே?

டீச்சர்: …இந்த நட்டைப் பாருங்க. ரெண்டு விதமாக் கீறல் இருக்கா? கொட்டாவி லென்ஸ் வெச்சுப் பாத்துட்டா. "ரெண்டு பேர் திறந்திருக்காங்க டீச்சர். ஒருத்தருக்கு வேலையே தெரியாது"ங்கறா.

பிளம்பர்: நட்டைக் கடிச்சுத் துப்பியிருக்காங்க! ஸ்பேனரைக் கரண்டி மாதிரிப் பிடிச்ச கை.

டீச்சர்: ரொம்பச் சிரிக்காதீங்க. "இன்னொருத்தர் வேலை தெரிஞ்சவர். திருகு மரையில வெள்ளை டேப்பை எவ்வளவு அழகாச் சுத்தியிருக்கார் பாருங்க…"

பிளம்பர்: அது பழக்க… அதாவது, தொழில் தெரிஞ்சவன்னா அப்படித்தான் சுத்துவான்.

டீச்சர்: மீதியைக் கேளுங்க. அவ கேக்கறா, "இவ்வளவு வேலை தெரிஞ்சவர் எதுக்கு அதிகமா ஒழுகற மாதிரி வெச்சார்? அவர் செஞ்சது சரியா, தப்பா?" எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க! எடைபோட்டுப் பாக்கறது அஞ்சாவது படி. வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு ஒரே சண்டை. மணி அடிச்சும் ஒருத்தரும் எழுந்திருக்கல!

பிளம்பர்: ஆறாவது படி?

டீச்சர்: புதுசா ஒண்ணை உண்டாக்கறது. அவதான் கேள்வியையே உண்டாக்கிட்டாளே!

பிளம்பர்: அந்த… வேலை தெரியாத ஆளு யாருனு கண்டுபிடிச்சாங்களா?

டீச்சர்: நாளைக்குக் கண்டுபிடிச்சிருவாங்க. ஏங்க… திட்டக்கூடாது.

பிளம்பர்: சொல்லு.

டீச்சர்: நான்தான். உங்க பையிலேருந்து ஸ்பேனரும் ஒரு பழைய வாஷரும் எடுத்துட்டு, திங்கட்கிழமை யாரும் வர்றதுக்கு முன்னாடி… நல்லா இருந்த குழாயை நானேதான் ஒழுக விட்டேன். பாடத்துக்காக.

பிளம்பர்: தெரியும்.

டீச்சர்: என்னது!

பிளம்பர்: ஸ்பேனர் முழுக்க சாக்பீஸ் தூள். என் தொழில்ல சாக்பீஸுக்கு என்ன வேலை?

டீச்சர்: தெரிஞ்சுகிட்டேவா இத்தனை நாள் வாயைத் திறக்கல? அமுக்குணி!

பிளம்பர்: அது கிடக்கட்டும். மணி ஆகுது. கழட்டவா, விடவா?

டீச்சர்: …விட்டுடுங்க. அவ பேசட்டும். யாருனு கேட்டா அதிகாரி எதிர்லயே கையைத் தூக்கிடறேன். மேடம் திட்டினா திட்டட்டும், பாடமே போனாலும் போகட்டும். அந்தப் பொண்ணு ஏறி நிக்கற படியிலேருந்து நான் அவளை இறக்க மாட்டேன்.

பிளம்பர்: அப்படிப் போடு!

டீச்சர்: ஆனா நான் வெச்சது நாப்பது சொட்டுதான். அதுக்கு மேல… வேலை தெரிஞ்ச அந்த மனுஷன்… ஏங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்களுக்கு எங்க வேலைனு சொன்னீங்க?

பிளம்பர்: நாளைக்குக் கடைசி பெஞ்சுல எனக்கும் ஒரு இடம் போட்டு வை, சேந்தே கையைத் தூக்கலாம். அன்னிக்கு மேடம் கூப்பிட்டு இங்கதான் வந்தேன். புது வாஷர் போட்டு, சுத்தமா நிறுத்திட்டு, பையை மாட்டிட்டுக் கிளம்பினேன். ஜன்னல் வழியாப் பாத்தா போர்டு முழுக்க உன் பிள்ளைங்க எழுத்து. 'நாளைக்கு வந்ததும் சொட்டு எண்ணணும்'னு போட்டு, கீழ முப்பத்தெட்டு பேரும் எத்தனை வரும்னு ஆளுக்கு ஒரு எண் எழுதியிருக்காங்க. காலையில அத்தனையும் ஓடி வந்து காஞ்ச குழாயைப் பாத்துட்டு நிக்குமேனு… மனசு கேக்கல. பையைத் திறந்து, இருந்ததுலயே தேஞ்ச வாஷரா ஒண்ணைத் தேடிப் போட்டுட்டு, மேடம்கிட்ட சாமான் வரணும்னு புளுகிட்டு வந்துட்டேன். ஒழுகறதை நிறுத்தத்தான் எனக்குத் தெரியும், ஒழுக விட்டுப் பழக்கமில்ல பாரு… இருபத்திரண்டு சொட்டு கூடிப்போச்சு.